‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்லாதீர்கள், டீச்சர்

வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். தனியார் மெட்ரிக் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பின் வகுப்பாசிரியை, பதினோரு வருட அனுபவம். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு, இரண்டாவது பீரியடில் திடீரென்று லாங் பெல் அடித்திருக்கிறது. பள்ளி மின்னஞ்சலுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்திருப்பது அப்போது ஆசிரியர்களுக்கே தெரியாது. பையைத் தொடக் கூடாது, எல்லாரும் மைதானத்துக்கு என்று உத்தரவு. வாசலில் கழற்றி வைத்த ஷூவைக்கூடப் போட விடாமல் பிள்ளைகளை இறக்கியிருக்கிறார்கள். இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்றார்கள். போலீஸ் வந்தது, மோப்ப நாய் வந்தது, வகுப்பு வகுப்பாகச் சோதனை நடந்தது. கேட்டுக்கு வெளியே பெற்றோர் கூட்டம். இரண்டு அப்பாக்கள் காம்பவுண்டுச் சுவரேறிக் குதித்துவிட்டார்கள். மதியம், ‘புரளிதான், எதுவும் இல்லை’ என்று போலீஸ் சொன்னது. மறுநாள் வழக்கம்போலப் பள்ளி. ‘இதுபற்றி மாணவர்களிடம் பேச வேண்டாம்’ என்று நிர்வாகம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

மைதானத்தில் தலை எண்ணியபோது ரிஜிஸ்டரில் 43, வரிசையில் 42. பெல் அடிக்கும்போது ஒரு பெண் கழிப்பறையில் இருந்திருக்கிறாள். ஆயாம்மா திரும்ப ஓடிப்போய்க் கூட்டிவர ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கிறது.

இப்போது காலையில் வயிற்றுவலி என்று மூன்று பிள்ளைகள் வருவதில்லை. சாதாரண பெல்லுக்கே ஒருவன் காதைப் பொத்திக்கொள்கிறான். இடைவேளையில் பையன்கள் ‘பாம் விளையாட்டு’ விளையாடுகிறார்கள், பி.டி. சார் அதற்காக முட்டிபோட வைத்தார். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் பெயர் சுற்றுகிறது. திங்கள்கிழமை முன்னறிவிப்பில்லாமல் ஒத்திகை நடத்தப்போகிறார்கள். அதற்கு அடுத்த நாள் ஆடிட்டோரியத்தில் எல்லா மாணவர்களுக்கும் ஒரே அமர்வில் கவுன்சலிங். ‘பேசினால் மறந்ததைக் கிளறிவிட்டது போல ஆகாதா? பேசாவிட்டால் என்ன செய்வது? எனக்கே தூக்கம் வரவில்லை. வகுப்பாசிரியை பொறுப்பை விட்டுவிடலாமா?’ என்று முடித்திருக்கிறார்.

டீச்சர்,

உங்கள் கடிதத்தில் நான் சிவப்பு மையில் கோடு போட்ட வரி மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் வருகிறது. ‘அந்தப் பெண்ணின் வாட்டர் பாட்டில் இப்போதெல்லாம் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்று அவள் அம்மா சொன்னார்.’ நீங்கள் இதைச் சாப்பாட்டில் நாட்டமில்லாத பிள்ளைகளின் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீர் குடிக்காவிட்டால் கழிப்பறை போக வேண்டாம், கழிப்பறை போகாவிட்டால் விட்டுவிட்டு ஓட மாட்டார்கள். பதினோரு வயதுப் பிள்ளை யாரிடமும் கேட்காமல் தானே கண்டுபிடித்த தீர்வு இது. புத்திசாலித்தனமான தீர்வுதான், ஆனால் உடம்புக்கு ஆகாது. நம் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் ஏற்கெனவே அடக்கி அடக்கித்தான் வைக்கிறார்கள். இதுவும் சேர்ந்தால் சீக்கிரமே நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று என்று வந்து நிற்பாள். ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அவளிடமிருந்து தொடங்குவோம்.

அவளிடம் தனியாக, வகுப்பில் மற்றவர்கள் இல்லாத நேரத்தில், இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘அன்னைக்கு நீ பாத்ரூம்ல இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சும்மா. கிரவுண்டுக்குப் போய் எண்ணினப்பதான் தெரிஞ்சது. அது என் தப்பு, உன் தப்பு இல்ல. தெரிஞ்ச உடனே ஆயாம்மா உன்னைத் தேடி வந்தாங்க. இனிமே அப்படி நடக்காம இருக்க ஒரு வழி பண்ணியிருக்கேன், பாரு.’ அந்த வழி கண்ணுக்குத் தெரிகிறதாக இருக்கட்டும். கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். வெளியே போகிறவர் தன் ரோல் நம்பரை அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்து அழிக்க வேண்டும். பெல் அடித்தால் நீங்கள் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். சாக்பீஸ் செலவுதான். முதல் ஒரு வாரம் ஒரு தோழியைத் துணைக்கு அனுப்புங்கள்.

மன்னிப்புக் கேட்டால் மதிப்புப் போய்விடுமோ என்று சில ஆசிரியர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த ஏழெட்டு நிமிடம் அவளுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசாமல் ஒரே அறையில் தினமும் ஆறு மணி நேரம் இருப்பதுதான் கஷ்டம்.

பேசினால் கிளறியது ஆகுமா?

ஆகாது. நிர்வாகத்தின் எண்ணம் எனக்குப் புரிகிறது. அட்மிஷன் பயம், பெற்றோர் பயம் எல்லாம் இருக்கும். ஆனால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று பிள்ளையிடம் சொல்வது பொய். குண்டு இல்லை, அவ்வளவுதான். மற்றபடி அன்றைக்கு எத்தனையோ நடந்தது. டீச்சரின் கை நடுங்கியதை அவர்கள் பார்த்தார்கள். வெறுங்காலில் சுடுமண்ணில் நின்றார்கள். தன் அப்பா சுவரேறிக் குதித்ததை ஒரு பிள்ளை பார்த்தது. அதுவரை அது அப்பாவின் முகத்தில் பயத்தைப் பார்த்திருக்காது. இவ்வளவையும் கண்ட பிள்ளையிடம் பெரியவர்கள் வாய்திறக்க மறுத்தால், அது தானாகவே கதை கட்டிக்கொள்ளும். பிள்ளை கட்டுகிற கதை எப்போதும் நடந்ததைவிடப் பயங்கரமாக இருக்கும். என்னிடம் வந்த ஒரு சிறுவன், நாய் மோப்பம் பிடித்துவிட்டது, போலீஸ் குண்டை ரகசியமாக எடுத்துப் போய்விட்டது, அதனால்தான் டீச்சர் பேசுவதில்லை என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தான்.

உங்கள் ஊருக்கு மட்டும் வந்ததல்ல இது. 2023 டிசம்பர் 1 அன்று பெங்களூருவில் ஒரே நாளில் அறுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு இப்படி மின்னஞ்சல் வந்தது. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகள். அதே வருடம் மே 1 அன்று டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கும் மேல். எல்லாமே புரளி. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்; ‘நம்ம ஸ்கூல் மேல யாருக்கோ கோபம்’ என்ற எண்ணம் அதனால் குறையும். ஆனால், ‘எப்பவும் புரளிதான், கவலைப்படாதே’ என்று மட்டும் முடிக்காதீர்கள். அடுத்த முறை பெல் அடித்தால் அவர்கள் எழுந்து போக வேண்டுமே.

பெற்றோர் மேல் உங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் இருப்பது எழுத்தில் தெரிகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். இன்று உங்கள் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிற அம்மாக்களில் பலர் அன்றைக்குத் தாங்களே பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்தப் பிஞ்சு உடல்களை வரிசையாக டி.வி.யில் பார்த்தவர்கள். ‘ஸ்கூல்ல ஏதோ பிரச்சினையாம்’ என்ற வாட்ஸ்அப் செய்தி அவர்களை எங்கே தொட்டிருக்கும் என்று யோசியுங்கள். சுவரேறியது தவறுதான். ஆனால் கேட்டருகே யாராவது ஒருவர் மைக்கில் கால்மணிக்கு ஒருமுறை, ‘எல்லாப் பிள்ளைகளும் மைதானத்தில் பத்திரம், எண்ணிவிட்டோம்’ என்று சொல்லியிருந்தால் அவர்கள் ஏறியிருப்பார்களா?

வகுப்பில் எப்படிச் சொல்வது

சுற்றறிக்கையை மீறச் சொல்லவில்லை. ஹெச்.எம்.மிடம் போய், ‘பதினைந்து நிமிடம், முதல் பீரியடில், எல்லா வகுப்பிலும் ஒரே வார்த்தைகளில்’ என்று கேளுங்கள். நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். காலையில் மெயில் வந்தது, ஹெச்.எம். போலீசுக்குப் போன் செய்தார், பெல் அடித்தோம், இறங்கினோம், வெடிகுண்டு நிபுணர்கள் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார்கள், எதுவும் இல்லை, அனுப்பியது யார் என்று சைபர் கிரைம் போலீஸ் தேடுகிறது. நாய் எதற்கு வந்தது என்பதையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அதுதான் முதல் கேள்வி. சொல்லி முடித்ததும் கேள்வி கேட்க விடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

‘யாருக்குப் பயமாக இருந்தது, கை தூக்குங்கள்’ மட்டும் வேண்டாம். யாரையும் எழுப்பிச் சொல்ல வைக்கவும் வேண்டாம். அதற்குப் பதில், ‘அன்னைக்கு யார் யாருக்கு உதவினீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். வெயிலுக்குத் துப்பட்டாவைப் பகிர்ந்த பெரிய பெண், அழுத தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டவன் என்று ஆட்கள் கிளம்பி வருவார்கள். ஆயாம்மாவைக் கூப்பிட்டு வகுப்பின் முன் நிறுத்தி நன்றி சொல்லுங்கள். கட்டடத்துக்குள் அவர்தான் திரும்பிப் போனார்.

வயிற்றுவலியும் வேப்பிலையும்

‘ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை, அதனால் நடிப்பு’ என்று ஓர் அப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நடிப்பு இல்லை. பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகும். ரத்தம் கைகால் தசைகளுக்குப் போகும், குடலின் வேலை தாறுமாறாகும். குழந்தைகளுக்கு அது தொப்புளைச் சுற்றி வலியாகத் தெரியும். வலி உண்மை, காரணம்தான் வயிற்றில் இல்லை. பள்ளி நேரத்துக்கு மட்டும் வருவதே அதற்கு அடையாளம். ஒருமுறை டாக்டரிடம் காட்டி வேறெதுவும் இல்லை என்று உறுதி செய்தபின், பிள்ளை பள்ளிக்கு வரட்டும். முதலில் அரை நாளானாலும் பரவாயில்லை. வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அன்றைக்கு நிம்மதியாக இருக்கும், மறுநாள் கேட்டைத் தாண்டுவது இன்னும் கஷ்டமாகும்.

ஒரு பாட்டி பேரனை மந்திரிக்கக் கூட்டிப்போனதைச் சற்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தமில்லை. ‘புள்ள பயந்துடுச்சு’ என்று வீட்டில் ஒருவராவது ஒப்புக்கொண்டிருக்கிறாரே! திருநீறு பூசித் தலையில் கைவைத்து, ஒருவர் அவனுக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறார். பேய், பிசாசு, காத்துக் கருப்பு என்று சொல்லிப் புதுப் பயத்தைச் சேர்க்காமல், அடிக்காமல், சூடு வைக்காமல் இருந்தால் வேப்பிலையோடு எனக்குச் சண்டையில்லை.

பாம் விளையாட்டை நிறுத்தாதீர்கள். பெரியவர்கள் பத்துப் பேரிடம் அதே சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஆற்றிக்கொள்கிறோம். பிள்ளைகள் விளையாடி ஆற்றிக்கொள்கிறார்கள். ஒருவன் போலீஸ், ஒருவன் நாய், ஒருவன் ஹெச்.எம். கதை நாளுக்கு நாள் மாறிக்கொண்டே வந்தால், நாய் பறக்க ஆரம்பித்தால், நல்லது. தினமும் ஒரே மாதிரி எல்லாரும் செத்துப்போய் முடிகிறது, விளையாடுகிறவன் முகத்தில் சிரிப்பே இல்லை என்றால் அந்தப் பிள்ளையைத் தனியே கவனியுங்கள். முட்டிபோட வைத்ததைப் பற்றி: கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பி.டி. சாரிடம் சட்டம் பேசத் தேவையில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அன்றைக்கு மைதானத்தில் ஆயிரம் பிள்ளைகளை அடக்கி நிறுத்தியது அவர்தானே, அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அந்த விளையாட்டைப் பார்க்க அவருக்கே பொறுக்காமல் இருந்திருக்கலாம்.

திங்கள்கிழமை ஒத்திகை

இதைத் தடுக்க முடியுமென்றால் தடுங்கள். ஒத்திகை வேண்டும், சொல்லாமல் செய்கிற ஒத்திகை இப்போது வேண்டாம். பெல்லுக்குக் காதைப் பொத்துகிற பிள்ளைக்கு அது இரண்டாவது குண்டு. முதல் ஒத்திகையைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நாள், நேரம் எல்லாம் சொல்லிவிட்டு நடத்துங்கள். அதற்கு முந்தின நாள், வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைப் பெல் அருகே கூட்டிப்போய் அவர்கள் கையாலேயே அடிக்க விடுங்கள். சத்தம் யார் கையிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போகும். ஷூ ஏன் போட விடவில்லை, நிழலில் எங்கே நிற்பது, தண்ணீர் யார் கொண்டுவருவது, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை யார் இறக்குவது என்று முதல் தடவை கோட்டைவிட்டதை எல்லாம் அதில் சரிசெய்யலாம். முன்னறிவிப்பில்லாத ஒத்திகையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆடிட்டோரியம் கவுன்சலிங் பற்றி என் தொழில்காரர்களுக்கே கோபம் வரலாம். கூட்டமாக உட்கார வைத்து, நடந்ததை நினைவுகூரச் செய்து, ஒரே அமர்வில் உணர்ச்சிகளைக் கொட்ட வைக்கும் முறை பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. அந்த நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்றே சொல்: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார். அவர் பேச விரும்பினால் கேள். உதவக்கூடிய ஆளிடம் இணைத்துவிடு. இதற்கு மேடையும் மைக்கும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஓர் ஆலோசகரை இரண்டு மாதத்துக்கு, வாரம் ஒரு நாள், ஓர் அறையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். கதவு திறந்திருக்கட்டும், வேண்டியவர்கள் போவார்கள்.

பத்தாம் வகுப்புப் பையன்

அன்று சிரித்தான், ‘லீவு கிடைச்சா ஜாலி’ என்றான். இதுதான் அவன் மேல் இருக்கும் சாட்சியம் என்று எழுதியிருக்கிறீர்கள். பதற்றத்தில் சிரிக்கிற பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது போலீஸ் வேலை. பெயர் தெரியாமல் மிரட்டல் அனுப்புவது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில் குற்றம். விசாரணை நடக்கிறது, நடக்கட்டும்.

குரூப்பில் பெயர் போட்ட பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. ஒருவேளை அவனே அனுப்பியிருந்தாலும் அவன் சிறுவன். விசாரணையில் இருக்கும் சிறுவரின் பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 74-வது பிரிவு சொல்கிறது. பத்திரிகைக்கு மட்டுமல்ல, பிற தகவல் தொடர்புகளுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குரூப் அட்மினிடம் இதை மரியாதையாகச் சொல்லி அந்தச் செய்திகளை நீக்கச் சொல்லுங்கள். அவன் அனுப்பியிருக்கவில்லை என்றால்? அப்போது அந்தப் பள்ளியில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பிள்ளை அவன்தான், அவனைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை. அவன் வகுப்பாசிரியரிடம் இன்றே பேசுங்கள். அவன் தனியாகச் சாப்பிடுகிறானா என்று முதலில் பாருங்கள்.

நீங்கள்

தூக்கம் வருவதில்லை, கண்ணை மூடினால் ‘42’ என்ற எண் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டாம் நாளில் இது நோய் அல்ல. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். ஆனால் ஒரு கணக்கில் நீங்கள் தவறாக இருக்கிறீர்கள். ‘நான் அவளை விட்டுவிட்டு வந்துவிட்டேன்’ என்கிறீர்கள். விட்டுவிட்டு வந்த ஆசிரியை மைதானத்தில் எண்ணியிருக்க மாட்டார். எண்ணியதால்தான் 42 என்று தெரிந்தது, தெரிந்ததால்தான் ஆயாம்மா ஓடினார். பிழை இருந்தது, அது உங்கள் மனசாட்சியில் இல்லை, வகுப்பைவிட்டு வெளியே போன பிள்ளையைப் பதிவு செய்ய வழியே இல்லாத ஏற்பாட்டில் இருந்தது. அதைத்தான் கரும்பலகைக் கட்டம் போட்டுச் சரிசெய்யப் போகிறீர்கள். வகுப்பாசிரியை பொறுப்பை இப்போது விடாதீர்கள். நீங்கள் விலகினால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? தன்னால்தான் டீச்சர் போய்விட்டார் என்று இன்னொரு கதை கட்டிக்கொள்வாள்.

ஸ்டாஃப் ரூமில் வேறு யாருக்கும் தூக்கம் போகவில்லையா என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் மட்டும் இருக்க வாய்ப்பில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் பெற்றோர் குரூப்பைத் திறக்காதீர்கள்.

ஒரு மாதம் தாண்டியும் பிள்ளைக்கோ உங்களுக்கோ தூக்கமின்மை, கெட்ட கனவு, திடுக்கிடல், பள்ளியைத் தவிர்த்தல் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். படுக்கையில் சிறுநீர் போகாமலிருந்த பிள்ளை மறுபடி போக ஆரம்பித்து நிற்காவிட்டாலும் அப்படித்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சாகலாம் போலிருக்கிறது என்று யார் சொன்னாலும் ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பார்க்க வேண்டும். தொலைபேசியில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பிள்ளைகளுக்கு 1098.

அந்தப் பெண்ணின் அம்மாவிடம், சாயங்காலம் வந்ததும் ‘ஏன் குடிக்கல?’ என்று கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பாட்டிலை வாங்கி வைக்கும்போது எடை பார்த்தால் போதும். மூன்று வாரம் கழித்து எவ்வளவு காலியாகி வருகிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.